லோனார் தந்த கண்ணாடிச் சாட்சி

பெங்களூரு நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் போனால் லால்பாக் பாறை. ஏறத்தாழ 300 கோடி வயது. குனிந்து பார்த்தால் வெளிறியதும் கறுத்ததுமாகப் படிகங்கள் மினுங்கும். பூமியின் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் ஆற அமரப் பக்குவப்பட்ட கல் அது. அணுக்கள் வரிசை கட்டி நிற்க அதற்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தது.

அந்த நேரம் கிடைக்காவிட்டால்?

மகாராஷ்டிரத்தின் புல்தாணா மாவட்டத்தில் இருக்கும் லோனார் ஏரி பதில் சொல்கிறது. தக்காணத்தின் பசால்ட் பாறையில், சுமார் 1.8 கிலோமீட்டர் அகலத்தில் விழுந்த வட்டப் பள்ளம். சுற்றிலும் எரிமலைக் குழம்பு இறுகிய நிலமாயிற்றே. இதுவும் எரிமலை வாய்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஏரிக்கு அடியில் துளைபோட்டு எடுத்த கற்கள் அந்த நம்பிக்கையை உடைத்தன. ஃபிரெட்ரிக்சன், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாலசுந்தரம் உள்ளிட்டோர் 1973-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்ட முக்கியத் தடயம் மாஸ்கெலினைட். பசால்ட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் படிகத்தின் மேல் சில லட்சம் வளிமண்டலங்களின் அழுத்தம் கண நேரத்தில் பாய்ந்தால், அதன் வெளி வடிவம் அப்படியே நிற்கும்; உள்ளே அணுக்களின் ஒழுங்கு மட்டும் குலைந்து கண்ணாடியாகிவிடும். கட்டடம் நிற்கிறது, அறைகள் கலைந்துவிட்டன! நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்க ஒளியில் வைத்துச் சுற்றினால், படிகம் ஒளிர்ந்து மங்கும். மாஸ்கெலினைட் எப்படித் திருப்பினாலும் இருண்டே கிடக்கும். எந்த எரிமலையாலும் இப்படி ஓர் அடி கொடுக்க முடியாது. விண்கல் மோதினால்தான் முடியும்.

இந்தக் கண்ணாடி உலகுக்கு முதலில் அறிமுகமானதும் இந்தியாவில் விழுந்த கல்லில்தான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல்லில் இருந்ததை ஆராய்ந்து, 1872-இல் கனிமவியலாளர் செர்மாக் இப்பெயரை வைத்தார். அந்தக் கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பது பின்னாளில் தெரிந்தது. செவ்வாயின் மேற்பரப்பிலும் பசால்ட்தான் மிகுதி. அங்கே நடந்த மோதல்களைப் புரிந்துகொள்ள லோனாரை ஆராய்வது இதனால்தான்.

வயதில் மட்டும் இன்னும் வழக்கு தீரவில்லை. மோதலில் உருகி இறுகிய கண்ணாடியை வைத்து ஓர் ஆய்வு 52,000 ஆண்டு என்றது. 2011-இல் வந்த ஆர்கான் காலக்கணிப்பு ஆய்வு 5,70,000 என்றது.

2020-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரிக்குப் போகிறவர்கள் கரையில் மின்னும் கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கண்டால் பார்த்து மகிழுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய சாட்சி அது.