கசியாத சாக்ஸபோன் ஒன்று வேண்டும்

அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, ஐந்தாம் வகுப்பையோ ஆறாம் வகுப்பையோ எட்டும்போது ஒரு மாலை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டும். பேண்டில் சேரலாம், வாத்தியத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், தாளக் கருவிகள் என்று நீளும் பட்டியலில் சாக்ஸபோனும் இருக்கும். அதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் பஞ்சமில்லை. அந்த வளைவும் பளபளப்பும் பத்து வயதைச் சுண்டி இழுக்கின்றன. பெற்றோரும் சரி என்று சொல்லிவிட்டு, அன்றிரவே கைப்பேசியில் விலை பார்க்க உட்காருகிறார்கள்.

அங்கே இரண்டு உலகங்கள் தெரிகின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் மாணவர் மாடல் ஆல்ட்டோ வகைச் சாக்ஸபோன் புதிதாக வாங்கினால் 1,000 டாலரைத் தாண்டும், 2,000-ஐயும் தொடும். அதற்குப் பக்கத்திலேயே, கேள்விப்படாத பெயர் பொறித்த இன்னொன்று 250 டாலருக்குக் கிடைக்கும். பெட்டி, கழுத்துப்பட்டை, கையுறை, துடைக்கும் துணி எல்லாம் அதோடு இலவசம். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆறு மாதத்தில் பிள்ளை விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எந்தப் பெற்றோருக்கும் நியாயமானதுதான். அந்தப் பயத்தில் 250 டாலர் பெட்டி வீடு வந்து சேர்கிறது.

அதை வாங்க வேண்டாம் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. கூடவே, 2,000 டாலர் செலவழிக்கவும் அவசியமில்லை. இரண்டுக்கும் நடுவில் நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுமுன் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் விலைப்பட்டியலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

சாக்ஸபோனின் உடல் பித்தளை. ஆனால் ஒலி பிறப்பது நாணலைச் சீவிச் செய்த ஒற்றை ரீடில். குழாயின் மேல் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூட ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் தோல் போர்த்திய மெத்தென்ற ஒரு வட்டு. இந்த வட்டைத்தான் பேட் என்கிறார்கள். பேட் துளையின் விளிம்பில் சுற்றிலும் ஒரே சீராகப் படிய வேண்டும். மேல் ஸ்வரங்களுக்குச் சில துளைகளை மூடினால் போதும். கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர வேண்டும். அடிமட்டத்து ஸ்வரத்துக்கு அத்தனை பேட்களும் இறுக மூடியிருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, அதுவும் மேல் பக்கத்தில் இருப்பது, ஒரு தாளின் கனத்துக்குத் தூக்கியிருந்தாலும் போதும், உள்ளே அதிரும் காற்றுத் தூண் அங்கேயே கெட்டுவிடும். கீழே ஒலிக்க வேண்டிய ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும், அல்லது பிளிறிவிட்டு அடங்கும். மேல் ஸ்தாயிக்குப் போகப் பயன்படும் ஆக்டேவ் கீ கூட, வேண்டுமென்றே திறக்கும் ஒரு சின்னஞ்சிறு துளைதான். கசியும் பேட் அதே வேலையை வேண்டாத நேரத்தில் செய்கிறது.

மலிவு சாக்ஸபோன்கள் பலவற்றில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பித்தளை மென்மையாக இருந்து கீகள் வளைந்துவிடும். பேட்கள் அவசரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வந்த அன்று ஒருமாதிரி ஊதினாலும் இரண்டு மாதத்தில் எங்காவது கசியத் தொடங்கும். பல ரிப்பேர்காரர்கள் இவற்றைத் தொடவே தயங்குகிறார்கள். உதிரி பாகம் கிடைக்காது. நிமிர்த்திய கீ மறுவாரமே திரும்ப வளையும். கூலியோ கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. கசியும் கருவியை ஊதும் பிள்ளை இன்னும் பலமாக ஊதுகிறது. ரீடை இன்னும் இறுக்கிக் கடிக்கிறது. விரல்களை வலிக்க வலிக்க அழுத்துகிறது. பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்கு எளிதாக வரும் கீழ் ஸ்வரம் தனக்கு மட்டும் வரவில்லை என்பதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் உணர்கிறது. பத்து வயதில் கருவியைச் சந்தேகிக்கத் தெரியாது, தன்னைத்தான் சந்தேகிக்கத் தெரியும். “எனக்கு மியூசிக் வராதும்மா” என்று ஒரு நாள் பெட்டியை மூடிவிடும். வீட்டிலும், நல்லவேளை அதிகம் செலவழிக்கவில்லை என்று பேசிக்கொள்வோம். அந்தப் பிள்ளையிடம் திறமை இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பெரிய கலைஞர்கள் பிளாஸ்டிக் சாக்ஸபோனிலேயே வாசித்திருக்கிறார்களே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 1953-இல் டொராண்டோவின் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் ஆல்ட்டோ. உலோகக் கருவி வாங்க வசதியில்லாமல் 1954-இல் ஆர்னெட் கோல்மன் வாங்கியதும் அதே வகைதான். ஆனால் கிராஃப்டன் கவனமாக வடிவமைத்துச் செய்யப்பட்ட கருவி, உடல்தான் பிளாஸ்டிக். ஊதியவர்களும் கை தேர்ந்தவர்கள். கருவியின் குறை எது, தன் குறை எது என்று பிரித்தறிய அவர்களுக்குத் தெரியும். முதல் பேண்ட் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அந்த அறிவு இனிமேல்தான் வர வேண்டும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். முதலில் பேண்ட் ஆசிரியரிடம் பேசுங்கள். நம் பெற்றோர் பலர் இதைத் தவிர்க்கிறார்கள், பணம் பற்றிக் கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. பாரிட்டோன் சாக்ஸபோன், டியூபா போன்ற பெரிய கருவிகளைப் பெரும்பாலும் பள்ளியே வைத்திருந்து பிள்ளைகளுக்குத் தருகிறது. சில பள்ளிகளின் அலமாரியில் ஆல்ட்டோவும் இருக்கும். 1995-இல் வந்த ‘மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்’ படத்துக்கு இசையமைத்த மைக்கேல் கேமன், அடுத்த ஆண்டே அதே பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வசதி குறைந்த பள்ளிகளுக்கு வாத்தியம் கொடுப்பது அதன் பணி. இப்படி வந்த கருவி எதுவும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் சும்மா கிடக்கிறதா என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். மேல் வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளை தன் பழைய கருவியை விற்கப் போகிறது என்பதும் அவருக்கே முதலில் தெரியும்.

இரண்டாவது வழி வாடகை. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இசைக்கடைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத வாடகைக்குக் கருவி தருகின்றன. முதல் ஆண்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளை விட்டுவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு தொகை கூடுதலாகக் கட்டினால் கீழே விழுந்து நசுங்கினாலும் கடையே சரிசெய்து தரும். ஒப்பந்தத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மாதம் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டில் 1,440 டாலர். கட்டும் வாடகை கருவியின் விலையில் கழியுமா, முழுதும் கழியுமா, எந்த விலையில் கழியும் என்று கேளுங்கள். சில கடைகள் சந்தையில் எங்கும் காணாத ஒரு உச்ச விலையை எழுதிவைத்து அதில்தான் கழிப்பார்கள். கையில் தரப்போவது புதியதா, பலர் வாசித்ததா என்பதையும் கேளுங்கள். பலர் வாசித்ததென்றால் பயப்பட வேண்டியதில்லை, சரிபார்த்துத் தந்தால் போதும்.

பிள்ளை ஓராண்டு தாக்குப்பிடித்துவிட்டது, இன்னும் ஆசையாக ஊதுகிறது என்றால் வாடகையை நிறுத்திவிட்டுப் பழைய கருவி ஒன்று வாங்கலாம். என் மனம் இந்த வழியில்தான் அதிகம் சாய்கிறது. யமஹாவின் ஒய்ஏஎஸ்-23 என்ற மாடலைப் பள்ளி பேண்டில் வாசித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். பல ஆண்டுகள் ஏராளமாகத் தயாரித்தார்கள், முரட்டுக் கைகளைத் தாங்கியது, சுருதியில் நின்றது. இன்று நல்ல நிலையில் உள்ளது சுமார் 500 முதல் 900 டாலருக்குக் கிடைக்கும். ஜூபிட்டர் நிறுவனத்தின் மாணவர் மாடல்களும் பரவாயில்லை. பெரிய பலன் என்னவென்றால், நாலு வருடம் வாசித்துவிட்டு விற்றாலும் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். 250 டாலர் கருவியை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பழைய கருவி என்றதும் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான், பூஷர், அமெரிக்க செல்மர் போன்ற வாத்திய நிறுவனங்கள் வளர்ந்த ஊர் அது. 1923-இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளி பேண்ட் போட்டிக்குப் பணம் போட்டவர்களே வாத்தியம் செய்பவர்கள்தான். ஊருக்கு ஊர் இருந்த நகர பேண்டுகள் மங்கிக்கொண்டிருந்தன, புதிய வாடிக்கையாளர்கள் பள்ளிகளில் கிடைத்தார்கள். அவர்கள் நோக்கம் வியாபாரமாகவே இருக்கட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இசை ஒரு பாடமாக நிலைகொண்டதில் அதற்கும் பங்கு உண்டு. எல்கார்ட்டில் அன்று செய்த கருவிகள் இன்னும் வீட்டுப் பரண்களிலும் பழைய பொருள் விற்கும் இடங்களிலும் கிடைக்கின்றன. 100 டாலருக்கு அழகான பழைய கான் ஒன்றைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பேட் அத்தனையும் மாற்ற 400 முதல் 800 டாலர் ஆகலாம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். அந்தக் காலத்துக் கருவிகளில் இடக்கைச் சுண்டுவிரல் கீகள் சிறு கைக்கு எட்டாமல் இழுபறி செய்யும். பிள்ளைக்கு முதல் கருவியாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

பழையதைப் பார்க்கப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். பேண்டில் மேல் வகுப்பில் இருக்கும் பையனோ பெண்ணோ போதும். அடிமட்டத்துப் பி-பிளாட், பி, சி ஸ்வரங்களை மெதுவாக, அழுத்தாமல் ஊதச் சொல்லுங்கள். பலமாக ஊதினால் கசிவை மறைத்துவிடலாம், மெதுவாக ஊதும்போது மறைக்க முடியாது. ஜி-யிலிருந்து ஏ-க்கு மேல் ஸ்தாயியில் போய்வரச் சொல்லுங்கள். ஆக்டேவ் கீயின் பொறி அந்த இடத்தில்தான் ஒரு துளையை மூடி இன்னொன்றைத் திறக்கிறது, கோளாறு இருந்தால் அங்கே திக்கும். ஜி-ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். அது எல்லா சாக்ஸபோனிலும் வரும் சின்ன வியாதி, அதற்காக நல்ல கருவியை விட வேண்டாம். ஆனால் மவுத்பீஸ் மாட்டும் கழுத்துக் குழாயைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் சுருங்கி, வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் யாரோ அதைப் பிடித்துத் திருகி வளைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டதைத் தொட வேண்டாம். குழாய் நெடுகப் பார்வையை ஓட்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு போய் மங்கியிருப்பது மட்டும் பொருட்டே இல்லை. பல பெற்றோர் அதைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார்கள், பேரத்துக்கு அது உதவும், அவ்வளவே.

முடிந்தால் பணம் கொடுக்குமுன் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள். ரிப்பேர்காரர் ஒரு நீண்ட விளக்குச் சரத்தைக் குழாய்க்குள் இறக்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு கீயாக மூடுவார். கசியும் இடத்தில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். இதைப் பிள்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு, ஸ்வரம் வராதபோது கருவியையும் கேள்வி கேட்க அது கற்றுக்கொள்ளும்.

கருவியோடு சில சிறு செலவுகள் உண்டு. கூட வரும் மவுத்பீஸ் எதுவென்று தெரியாவிட்டால் யமஹா 4சி ஒன்று வாங்கிவிடுங்கள். சுமார் 30 டாலர்தான், வித்தியாசம் முதல் நாளே தெரியும். ரீட் எண் 2 அல்லது 2½ போதும். பெரிய எண் பெரிய திறமை என்று பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி நடக்கும், அதை வளர்க்காதீர்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியைத் தேர்ந்து பக்குவப்படுத்தி வைத்திருப்பார் என்று நம் வீடுகளில் தெரியும். அது இரட்டை நாணல், இது ஒற்றை. ரீடின் முனை சற்று உடைந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்று நான்கு ரீடை மாற்றி மாற்றி வாசிக்கப் பழக்குங்கள். வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைத்தால் பேட் நெடுநாள் உழைக்கும். பல்லுக்குக் கம்பி கட்டும் வயது என்பதால் அதையும் பெற்றோர் கேட்பார்கள். கம்பியோடு ஆல்ட்டோ வாசிக்கலாம், முதல் சில நாள் உதடு வலிக்கும்.

சாக்ஸபோன் நமக்கு ஒட்டாத வாத்தியம் என்று தயங்கும் தாத்தா பாட்டிகள் இருந்தால் கத்ரி கோபால்நாத்தை நினைவூட்டுங்கள். நாதஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் ஒலித்ததைக் கேட்டு மயங்கியவர், அதே ஆல்ட்டோவில் கர்நாடக இசையைப் பேசவைத்தார். 1994-இல் வந்த ‘டூயட்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் அவர் வாசித்ததைக் கேட்டு உருகாதவர் நம்மில் குறைவு. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய கருவி, ராணுவ பேண்டுகளையும் அரண்மனை பேண்டுகளையும் கடந்து கச்சேரி மேடை ஏறியது. பள்ளி பேண்டில் தொடங்கும் பிள்ளைக்கும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்ததும் வாடகைக் கடைகளில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். நல்லவற்றை முந்தியவர்கள் எடுத்துப் போயிருப்பார்கள், ரிப்பேர்காரருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஜூலையிலேயே போய்விடுங்கள். அப்போது அவருக்கு உங்களோடு பேச நேரமிருக்கும், விளக்கை இறக்கிக் காட்டவும் பொறுமை இருக்கும்.