அழைப்பும் மீட்சியும்

பேராதனையிற் கணினிப் பொறியியல் பயிலப் புகும் கண்டி மாணவர்க்கும், அஃது யாதென வினவும் பழைய மாணவர்க்கும் இதனை எழுதுகின்றோம்.

ஓர் உபநிரல் மற்றொன்றை அழைத்தபின், விட்ட இடத்துக்கு மீள்வது எங்ஙனம்? இலங்கையில் உருவாகிய பலெரினா மொழியை நோக்குவோம். 2019 இல் வெளிவந்த முதலாம் பதிப்புத் தொட்டு, அது ஜாவா மெய்நிகர் பொறியின் மீதே இயங்குகின்றது. அப்பொறி, தட்டின்மேல் தட்டு வைப்பதுபோல், ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சட்டகத்தை அடுக்கும். மாறிகளின் வரிசை, கணிப்புக்குரிய சிற்றடுக்கு, மீளவேண்டிய இடம் ஆகியன அதனுள் அடங்கும்.

ஒரு சிக்கனம் எம்மை வியப்பித்தது. ஹொட்ஸ்பொட் என்னும் பொறி கட்டளைகளை ஒவ்வொன்றாய்ப் படித்து இயற்றுகையில், அழைக்கும் உபநிரல் தன் சிற்றடுக்கில் வைத்த மதிப்புகளைப் படியெடுப்பதில்லை. அவையே அழைக்கப்பட்டதன் முதல் மாறிகளாகும். இரு சட்டகங்களும் அவ்விடத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

தன்னையே முடிவின்றி அழைக்கும் உபநிரலால் அடுக்கு நிரம்பும். பொறி பிழை கூறும். மாணவர் அஞ்சும் அந்நெடும் பட்டியல், மீளாது நின்ற சட்டகங்களை உச்சியிலிருந்து எண்ணியதேயாம்.