தலைமடையும் தனிக்கிளையும்

திறமூல மென்பொருளை யாரும் எடுத்துத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிறுவனம் அப்படித் தனக்கென மாற்றி வைத்துக்கொள்ளும் வடிவம் அதன் தனிக்கிளை. எல்லோருக்கும் பொதுவான மூலத் திட்டத்தைப் பொறியாளர்கள் அப்ஸ்ட்ரீம் என்பார்கள். பாசனக்காரர் பேச்சில் தலைமடை. தலைமடையில் செய்த திருத்தம் எல்லாக் கிளைகளுக்கும் பாயும். கடைமடையில் செய்தது அங்கேயே தேங்கி நிற்கும்.

உதாரணமாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். தனிக்கிளை வைத்திருப்பவர் புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் தம் திருத்தங்களை அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டும். ஒரே வரியை இரு தரப்பும் மாற்றியிருந்தால் நிரல் மாற்றங்களைக் கையாளும் கிட் மென்பொருள் இரண்டு வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிவிட்டு நின்றுவிடும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று ஓர் ஆள் உட்கார்ந்து படித்துத்தான் தீர்க்க வேண்டும். ஏழெட்டுத் திருத்தங்கள் என்றால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் அந்த வேலைக்கென்றே ஒரு குழு தேவைப்படும். வட்டி கட்டியே முதல் அடையாத கடன் இது.

லினக்ஸ் கெர்னலின்மேல் இயங்கும் ஆண்ட்ராய்டு இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது அதன் கெர்னலில் கூகுள் சேர்த்திருந்த வசதிகளில் ஒன்று வேக்லாக். திரை அணைந்ததும் போன் உறங்கப் போகும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் உறங்கவிடாமல் பிடித்து வைப்பது வேக்லாக். மூலத் திட்டத்தினர் இதன் வடிவமைப்பை ஏற்கவில்லை. மூலக் கெர்னலின் சோதனைப் பகுதியில் இடம் பெற்றிருந்த ஆண்ட்ராய்டு டிரைவர்களும், பராமரிக்க ஆளில்லாததால் 2010இல் வெளியான 2.6.33 பதிப்பில் நீக்கப்பட்டன. வேக்லாக்கை நம்பி, சிப் நிறுவனங்கள் தங்கள் வன்பொருளை இயக்க எழுதிய டிரைவர்களும் அதனால் மூலத்துக்குப் போக வழியின்றி வெளியே நின்றன. 2012இல்தான் சிக்கல் தளர்ந்தது. 3.3 பதிப்பில் டிரைவர்கள் திரும்பி வந்தன, 3.5 பதிப்பில் வேக்லாக்கின் வேலையைச் செய்ய வேறொரு வழி அமைந்தது. தேவையை ஏற்றுக்கொண்டு நிரலை மாற்றி எழுதியது நல்ல தீர்வு.

ஆனாலும் கிளைக்குள் கிளை தொடர்ந்தது. கூகுள் கிளையிலிருந்து சிப் நிறுவனம், அதிலிருந்து போன் நிறுவனம் என்று ஒரு பாதுகாப்புத் திருத்தம் பயனரிடம் வந்துசேர மூன்று கை மாற வேண்டியிருந்தது. இதைக் குறைக்கத்தான், ஆண்ட்ராய்டு 12உம் 5.10 கெர்னலும் கொண்டு வெளிவரும் போன்களுக்கு கூகுள் பொதுக் கெர்னலைக் கட்டாயமாக்கியது. சிப்புக்கே உரியவை தனித் தொகுதிகளாகப் பிரிந்தன. பொது நிரலில் திருத்தம் என்றால் முதலில் மூலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே இப்போது அங்கே விதி.

அனுப்புவதற்கும் முறை உண்டு. அனுப்பும் திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள்; ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். அது ஏன் தேவை என்ற விளக்கம் வேண்டும். தருவதற்கு உரிமை இருக்கிறது என்று அனுப்புபவர் பெயரிட்டு உறுதி சொல்லும் வரி கடைசியில் வேண்டும். பராமரிப்பாளர் குறை சொல்லித் திருப்பினால் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். நாலைந்து முறை திரும்புவது சாதாரணம். நிறுவனத்தின் சாவிகள், சின்னங்கள் போன்றவை கிளையிலேயே இருக்கட்டும். மற்றவற்றுக்கு இந்தப் பாடு தகும். ஏற்கப்பட்ட நிரல் கெர்னலுக்குள் இருக்கும்வரை, உள் அமைப்பை மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் சேர்த்துத் திருத்தித் தர வேண்டும் என்பது லினக்ஸின் நடைமுறை.