சாமி படம் இல்லாத வழிபாட்டுக்கூடம்!
எல்லா மதத்தினரும் வரலாம். வாசலில் மார்ட்டின் லூதர் கிங் நினைவுத்தூண்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் ஒரு வழிபாட்டுக்கூடம் இருக்கிறது. உள்ளே சிலை இல்லை. சிலுவை இல்லை. எட்டுப் பக்கச் சுவர்கள். அவற்றில் 14 பெரிய ஓவியங்கள். உட்கார பெஞ்சுகள். அவ்வளவுதான்!

இதன் பெயர், ராத்கோ சேப்பல். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர், "சாமியே கிடையாது" என்பவர் - யார் வேண்டுமானாலும் போகலாம். கட்டணம் இல்லை.

வெறும் கருப்பா?

உள்ளே போனதும், "என்னப்பா இது, கருப்பா பூசி வெச்சிருக்காங்க!" என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கண் பழகும். கருப்புக்குள்ளே ஊதாவும் அரக்குச் சிவப்பும் மெல்லத் தெரியும். கூரை வழியே வரும் பகல் வெளிச்சம் மாற மாற, ஓவியமும் மாறும்.

தற்கொலை

வரைந்தவர் மார்க் ராத்கோ. இன்றைய லாத்வியா நாட்டில் 1903-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்கா போனார். 1964-ல் அவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தவர்கள் ஜான் - டொமினிக் டி மெனில் என்ற கத்தோலிக்கத் தம்பதி.

ஆனால் திறப்பு விழாவை ராத்கோ பார்க்கவில்லை. 1970 பிப்ரவரியில் நியூயார்க்கில் தற்கொலை செய்து கொண்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் கூடம் திறக்கப்பட்டது.

மாநகராட்சி மறுப்பு

வாசலுக்கு எதிரே ஒரு குளம். அதில் தலைகீழாக நிற்கும் உடைந்த உருக்குத்தூண். செய்தவர் பார்னெட் நியூமன்.

கறுப்பர் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, இந்தத் தூணை நகரில் நிறுவ பணம் தருவதாக டி மெனில் தம்பதி சொன்னார்கள். ஒரே நிபந்தனை: "கிங் நினைவாக வைக்க வேண்டும்."

மாநகராட்சி மறுத்துவிட்டது. தம்பதியும் விட்டுக்கொடுக்கவில்லை. தாங்களே தூணை விலைக்கு வாங்கி, கூடத்தின் வாசலில் நிறுத்தினார்கள்!

மண்டேலா வந்தார்

தியானத்தோடு நிற்கவில்லை. 1979-ல் தலாய் லாமா இங்கே வந்தார். 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா 1991-ல் வந்து பேசினார். எல் சால்வடாரில் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்து, 1980-ல் சுட்டுக்கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கார் ரொமேரோ பெயரில் 1986-ல் விருது ஏற்படுத்தப்பட்டது. மனித உரிமைக்காகப் போராடுகிறவர்களுக்கு உரிய விருது அது.

புயல்

2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியது. கூடத்தின் கூரை ஒழுகியது. சில ஓவியங்களும் நனைந்தன. ஆகஸ்டில் மூடிய கதவு டிசம்பரில்தான் திறந்தது.

மாநகராட்சி வேண்டாம் என்ற தூண், அந்தக் குளத்திலேயே நிற்கிறது.