பனியை எடைபோடும் செயற்கைக்கோள்கள்: எண்ணூருக்கு என்ன சேதி?

2025 ஜூலை 30 மாலை 5.40 மணி. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டியுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட் கிளம்பியது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய ‘நிசார்’ செயற்கைக்கோள் அதில் இருந்தது. துருவங்களிலும் இமயமலையிலும் உள்ள பனியின் அசைவை அளப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

எப்படி அளக்கிறார்கள்?

பனியின் உயரம், எடை, நகர்வு மூன்றையும் அளக்கிறார்கள். ‘ஐஸ்சாட்-2’ செயற்கைக்கோள் நொடிக்கு 10,000 முறை லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு பனியின் உயரத்தைக் கணிக்கிறது. ‘கிரேஸ்’ வரிசை இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் முன்னும் பின்னுமாகச் செல்பவை. கீழே பனி குறைந்தால் ஈர்ப்பு விசை குறையும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் நூலிழையிலும் நுண்ணிய அளவில் மாறும். அதுதான் தராசு. நிசாரின் ரேடாருக்கு மேகமும் துருவ இருட்டும் தடையில்லை. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுத்து, பனி எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும்.

கிரீன்லாந்து 2002 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவுக்குப் பனியை இழந்துவருகிறது என்கிறது கிரேஸ் தராசு. சுமார் 36,000 கோடி டன் நிலப்பனி உருகினால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. உயரும். 1993 முதல் இதுவரை சுமார் 10 செ.மீ. உயர்ந்துவிட்டது. கடல்நீர் சூடாகி விரிவதும் இதற்கு ஒரு காரணம்.

இங்கே என்ன ஆகும்?

வடசென்னைக் கடல் அரிப்புக்கு முதல் காரணம் பனி அல்ல. தெற்கிலிருந்து வரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் மறித்ததால் மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. கரையைக் காக்கப் போட்ட கருங்கல்லும் தூண்டில் வளைவும் அதன்பின் வந்தவை. தேய்ந்த அந்தக் கரையின்மீதுதான் இப்போது கடல் ஏறுகிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. தண்ணீர் ஏறிய மட்டம் வீட்டுச் சுவர்களில் கருங்கோடாகப் படிந்தது. கடல் உயர்ந்து நிற்கும்போது கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வடியத் தாமதமாகும். அந்தக் கோடு இன்னும் மேலே போகும்.

நிசார் தரவுகளை யாரும் இலவசமாகப் பெறலாம். கழிமுகத்தில் மண் கொட்டி மேடாக்க அனுமதி கேட்டு ஒரு கோப்பு வரும்போது, அதிகாரிகள் இந்தப் பனி, கடல்மட்ட அளவுகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்துக்கு ஒதுங்க இடம் வேண்டும். எண்ணூரில் அந்த இடம் கழிமுகம்தான்.