வானூர்திப் பொறியியல் படிக்க விரும்பும் எமது பிள்ளைகள்

மேலே விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி ஒளிந்த தலைமுறை எம்முடையது. அந்த விமானத்தைச் செய்யும் படிப்பைத்தான் படிக்கப்போகிறேன் என்று இன்று ஓமந்தையில் ஒரு பிள்ளை சொன்னால், பெற்றோர் திகைப்பது இயல்பு. அது எமக்கு எட்டாத படிப்பு என்று உடனே சொல்லிவிட வேண்டாம். அதற்கான வழியை முதலில் அறிந்துகொள்வோம்.

இது என்ன படிப்பு?

விமானம், ரொக்கெற், செய்மதி ஆகியவற்றை வடிவமைத்து, செய்து, பரிசோதிக்கும் படிப்பே இது. இதன் அடிப்படைகள் கமக்காரர் அறியாதவை அல்ல. நெல்லைத் தூற்றும்போது பதர் தள்ளிப்போய் விழுகிறது, மணி காலடியில் விழுகிறது. ஒரு பொருளின் பாரத்துக்கும் அதன்மேல் காற்று கொடுக்கும் விசைக்கும் உள்ள கணக்கு அது. விமானச் சிறகையும் அதே கணக்கை வைத்தே வரைகிறார்கள். கிணற்று நீரை இறைக்கும் பம்பியில் சுழலும் சில்லு நீரைத் தள்ளுகிறது. திரவ எரிபொருளில் இயங்கும் பெரிய ரொக்கெற்றுகளிலும் எரிபொருளைத் தள்ளுவதற்கு அவ்வாறான, ஆனால் மிக வேகமாகச் சுழலும் பம்பிகள் உண்டு.

ஒரு முன்மாதிரி

மன்னாருக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். சிறுவயதில் பத்திரிகை விநியோகித்து வீட்டுக்கு உதவினார். முதலில் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதீகவியல் படித்தார். அதன் பின்னரே சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியலுக்கு அனுமதி பெற்றார். அனுமதிக்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய 1000 ரூபாவுக்காக அவருடைய அக்கா தமது நகைகளை அடகு வைத்தார். 1980 ஜூலை 18இல் ரோகிணி செய்மதியை விண்ணுக்கு ஏற்றிய எஸ்.எல்.வி.-3 ரொக்கெற் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவரே.

எமது நாட்டில் வழி என்ன?

க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதீகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். எல்லாக் கிராமப் பாடசாலைகளிலும் இந்தப் பிரிவு இல்லை. ஆகவே எந்தப் பாடசாலையில் சேர்வது என்பதைச் சாதாரணதரத்துக்கு முன்னரே விசாரித்து வையுங்கள். சாதாரணதரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கூடிய கவனம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுவதால், ஆங்கிலத்தையும் இப்போதே தொடங்குவது நல்லது.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் நேரடியாகவே உண்டு. அங்கே வெளியிலிருந்து சென்று படிக்கும் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. தகுதியுள்ளோருக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. மொறட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரப் பொறியியல், அல்லது கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின் அல்லது கணினிப் பொறியியல் படித்துவிட்டு, மேற்படிப்பில் விண்வெளித் துறைக்குத் திரும்பலாம். இலங்கையின் இராவணா-1 செய்மதியை யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்களே செய்தனர். ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள அந்தச் செய்மதி 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

பல்கலைக்கழக அனுமதியில் ஒரு பகுதி நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகியவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டு, அதற்கென மேலதிக ஒதுக்கீடும் உண்டு. பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பது, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலைகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பு முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை அதிபருடன் இருந்து வாசியுங்கள்.

2009இல் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் பலவற்றிடம் பத்திரங்கள் இல்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். பிள்ளை படித்த ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் விடுகைப் பத்திரத்தை வாங்கி, நனையாத உறையில் ஒன்றாக வையுங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் ஓடித்திரிவதைவிட இப்போதே ஒரு நாளை ஒதுக்குவது இலகு.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம். முதல் தடவை குறைந்த புள்ளி வந்தால் அதுவே முடிவல்ல. ஆனால் வயல் வேலைக்கு ஆள் தேவை என்று கணிதப் பாடங்களைத் தவறவிட்டால், அந்த நட்டத்தை ஈடுசெய்வது கடினம். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலங்களில் பிள்ளையின் படிப்பு நேரத்தை எப்படிக் காப்பது என்பதைக் குடும்பமாக இருந்து பேசி முடிவு செய்யுங்கள்.