முயல் ஓடாத காட்டுக்கு எந்த நாய்?

பட்டியும் படலும் – 9

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டதையும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததையும் போன இதழில் பார்த்தோம். அதைப் படித்துவிட்டுப் பலரும் கேட்பது ஒன்றுதான்: "காவலுக்கு நாட்டு வேட்டை நாய் ஒண்ணு வாங்கிக் கட்டலாமுங்களா? ராஜபாளையமுங்களா, சிப்பிப்பாறையா, கோம்பையா?"

மாட்டுக்குக் காங்கேயம், செம்மறிக்கு மேச்சேரி என்று பேர் சொல்லும் ஊர் நம்முடையது. நாய்க்கு மட்டும் தெற்கே பார்க்கிறோம். இத்தனைக்கும் இந்திய நாய் இனங்களைப் பற்றி 2017-ல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் பிறந்தது தாராபுரத்தில். 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் பேராகச் சொன்னதும் குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. வாங்கியவர்களில் எத்தனை பேர், அந்த நாய் எந்த வேலைக்கு வந்தது என்று யோசித்தார்கள்?

சிப்பிப்பாறை கரிசல் காட்டு நாய். மோப்பத்தை நம்பி ஓடுவதில்லை, கண்ணில் பட்டதைத் துரத்தும். குறுகிய இடுப்பு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால் எல்லாம் முயலுக்குப் பின்னால் ஓடவே அமைந்தவை. கன்னியும் அதே சாடைதான். கருப்பு உடம்பில் செம்பட்டைப் பொட்டு இருந்தால் கன்னி, வெளிர் நிறமானால் பால்கன்னி, சாம்பலும் செவலையும் சிப்பிப்பாறை என்று நிறத்தை வைத்துப் பிரிப்பார்கள். அதை வைத்து விலையை ஏற்றுகிறவர்களிடம் மயங்க வேண்டாம்.

கோம்பை தேனி மாவட்டத்து மலையடிவாரத்துக்காரன். செவலை உடம்பு, கரிய மூஞ்சி, கட்டுக்குட்டான வாகு. காட்டுப்பன்றியை மறித்து நிற்கப் பழகிய பரம்பரை. ராஜபாளையமும் பன்றி வேட்டைக்குப் போனதுதான்; ஆனால் பால் வெள்ளை உடம்புக்கும் ரோஜா நிற மூக்குக்கும் ஆசைப்பட்டே பலர் வாங்குகிறார்கள். 2005-ல் தபால்தலையில்கூட வந்துவிட்டது.

இனி வேட்டை என்ற பேச்சுக்கே வருவோம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலை நாய் விட்டுப் பிடிப்பது குற்றம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கே 2025-ல் வந்த ஏற்பாடு கறாரானது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடிக்கலாம், அதற்கப்பால் சுடுவதென்றாலும் வனத்துறை ஆட்கள்தான். நாயை ஏவ நமக்கு இடமில்லை. ஆக, வாங்குகிற நாய் நம் தோட்டத்தில் எதன் பின்னால் ஓடப் போகிறது என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

கொரங்காட்டில் விட்ட சிப்பிப்பாறையைக் கவனித்துப் பாருங்கள். கிளுவை வேலிக்கு அந்தப்புறம் பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒன்று சடசடவென்று ஓடும். நாயின் தலை ஒரு கணம் நிமிரும், காது பின்னால் படியும். அவ்வளவுதான், இருந்த இடத்தில் நாய் இருக்காது. நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. வேலிச் சந்தில் முள்கம்பி கட்டியிருந்தால் தொடைத் தோல் நீளக் கிழியும். கொழுப்பே இல்லாத மெல்லிய தோல் அது. சொந்த ஆட்டோடு குட்டியிலிருந்தே பழகினால் அந்த ஆட்டை விட்டுவைக்கும். அதற்காக அடுத்த வீட்டுக் கோழிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோழிச் சண்டையில் பங்காளி உறவே முறிந்த ஊர் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டிக் காவலுக்கு வேண்டியது ஓடுகிற நாய் அல்ல, ஆட்டை விட்டு நகராமல் நிற்கிற நாய். அந்தக் கணக்கில் என் ஓட்டு கோம்பைக்கு, அதுவும் இரண்டாக. ஒற்றை நாயை ஏழெட்டுத் தெருநாய்கள் சூழ்ந்தால் அதையே கிழித்துவிடும். நாய் வந்துவிட்டதென்று படலைத் தாழக் கட்டிவிடவும் கூடாது.

ராஜபாளையத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வருவது செவிட்டுத்தன்மை. உட்காதில் நிறமி உயிரணுக்கள் இல்லாமல் போவதே காரணம். நாலைந்து குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது செவிட்டுக்குட்டியும் மற்றதைப் பார்த்துத் தலையைத் திருப்பும், ஏமாந்துவிடுவோம். தனியாகத் தூக்கிவந்து, தூங்கவிட்டு, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். காலால் தரையைத் தட்டக்கூடாது, அதிர்வில் விழித்துக்கொள்ளும். சத்தத்துக்கு எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு காது போயிருக்கலாம். வேற்றாளை ஒட்டவிடாத இனம் வேறு. தறிக்கு, பாலுக்கு, தேங்காய் பறிக்க என்று நாள் முழுக்க ஆள் வந்துபோகிற சாளையில் சிரமம்தான்.

தடாகம், ஆனைகட்டி, சிறுமுகை பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஒப்பீடே வேண்டாம். ராத்திரி வெளியில் கட்டிய எந்த நாயும் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை. யானையைப் பார்த்துக் குரைத்த நாய், பயந்து ஓடிவருவது எசமான் காலடிக்கு. பின்னாலேயே யானையும் வரும். அங்கே நாயைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே அடைப்பதுதான் வழி.

சரவணம்பட்டி அடுக்ககத்தில் இருந்துகொண்டு சிப்பிப்பாறை கேட்கிறவர்களும் உண்டு. வீட்டுக்குள் அது சாதுவாகச் சுருண்டு படுக்கும், உண்மைதான். ஆனால் தினமும் கயிற்றை அவிழ்த்து ஓடவிட, சுற்றிலும் உயரமாக வேலி போட்ட மைதானம் எங்கே இருக்கிறது? அது இல்லாதவர்கள் தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம்.

எதை வாங்கினாலும் தாய் நாயை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் அதிகம். காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். சிப்பிப்பாறைக்குக் கருத்தடை அறுவை செய்யக் கொண்டுபோனால், இனத்தைச் சொல்லிவிட்டு மயக்க மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒட்டிய உடம்புள்ள ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் லேசில் தெளியாது.

(தொடரும்)